பதம் பார்த்தல்

"மண்ணு ஒட்டுது சார். இன்னைக்கு வேண்டாம், ரெண்டு நாள் போகட்டும்" என்றார் டில்லர் கொண்டுவந்தவர். மாலூர்க்காரர். சரக்கு ஆட்டோவிலிருந்து இரண்டு பேராக இறக்கி வைத்த அந்தச் சின்ன இயந்திரத்தைத் துணியால் துடைத்தபடியே, செருப்புக் காலால் மண்ணை ஒரு மிதி மிதித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

சர்ஜாபுரா பக்கம் எங்கள் வீட்டை ஒட்டி ஒரு காலி மனை. பெங்களூரு வழக்கப்படி அளவாலேயே பெயர் சொன்னால் ஒரு 'தர்ட்டி ஃபார்ட்டி' சைட். உரிமையாளர் வெளிநாட்டில். புதர் மண்டாமல் பார்த்துக்கொண்டால் போதும், கீரை போட்டாலும் சரி என்று சொல்லியிருந்தார். முந்தின இரவு நல்ல மாங்காய் மழை. எனக்கோ ஞாயிறு மட்டும்தான் ஒழிவு. "பரவாயில்ல, ஓட்டுங்கண்ணா" என்றேன். அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு கயிற்றை இழுத்தார். இயந்திரம் படபடவென்று உயிர்பெற்றது.

ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. திங்கள்கிழமை வெயில் அடித்தது. புதன்கிழமை போய்ப் பார்த்தால் மனை முழுக்க முஷ்டி முஷ்டியாகச் செம்மண் கட்டிகள். ஒரு பக்கம் கத்தியால் வெண்ணெயை வழித்ததுபோல் பளபளப்பு, உடைக்கப்போனால் செங்கல். ஒன்றரை மாதம் கழித்து பிடுங்கிய முள்ளங்கிகளில் பாதி, ஐந்தாவது அங்குலத்தில் முழங்கால் மடக்கியதுபோல் வளைந்து பக்கவாட்டில் ஓடியிருந்தன.

'கத்தி கையைப் பதம் பார்த்துவிட்டது' என்போம். டில்லர் என் மண்ணைப் பதம் பார்த்துவிட்டது. அதற்கு முன் நான் மண்ணைப் பதம் பார்த்திருக்க வேண்டும்.

அந்த இயந்திரம் உண்மையில் என்ன செய்கிறது என்று அதன் பிறகுதான் உட்கார்ந்து யோசித்தேன். முதலில் ஒரு கணக்கு. 1,200 சதுர அடி மனையில் ஐந்து அங்குல ஆழத்துக்கு மண்ணைக் கிளறுவது என்றால், ஏறத்தாழ 14 கன மீட்டர் மண். எடையில் சுமார் 20 டன். பெரிய டிப்பர் லாரிக்கு இரண்டு நடை. ஒரு மனிதன் நாள் முழுக்கத் தாக்குப்பிடித்துத் தரக்கூடிய ஆற்றல் 75 வாட் அளவுதான், அதாவது ஒரு குதிரைத்திறனில் பத்தில் ஒரு பங்கு. 5 குதிரைத்திறன் பெட்ரோல் எஞ்சின் ஐம்பது ஆள் மண்வெட்டியோடு வரிசையில் நிற்பதற்குச் சமம். ஐம்பது ஆளும் அன்று ஈர மண்ணை மிதித்துக் குழைத்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ அதுதான் ஆனது.

எஞ்சினின் அச்சு நிமிடத்துக்கு 3,600 முறை சுழலும். ஆனால் அதன் முறுக்குவிசை அற்பம். ஓர் அடி நீள ஸ்பேனரின் நுனியில் 3 கிலோ கல்லைத் தொங்கவிட்டால் வரும் முறுக்கு, அவ்வளவுதான். மண்ணை அது அசைக்காது. பல்சக்கரங்கள் அந்த வேகத்தை முப்பதில் ஒன்றாகக் குறைத்து, அதே விகிதத்தில் முறுக்கைக் கூட்டுகின்றன. உராய்வில் போவது போக, அதே ஸ்பேனர் நுனியில் இப்போது ஒரு மூட்டை அரிசிக்கு மேலேயே தொங்கலாம். வேகத்தை விற்று வலிமை வாங்கும் இந்த வியாபாரம் டில்லரின் கீழ்ப்பெட்டிக்குள், எண்ணெயில் முங்கியபடி நடக்கிறது.

வேகம் குறைந்து பெட்டியிலிருந்து வெளிவரும் அச்சின் இரு பக்கமும் பிளேடுகள். ஒவ்வொன்றும் நம்முடைய 'ட' எழுத்துபோல வளைந்தது. செங்குத்துப் பகுதி மண்ணை வெட்டிக்கொண்டு இறங்கும். கிடைப்பகுதி அடியில் சீவி எடுத்து மேலே எறியும். இந்த 'ட'வுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் கில்கண்ட்ரா என்ற ஊரில், ஆர்தர் கிளிஃபோர்ட் ஹோவர்ட் என்ற இளைஞர் 1912இல் தன் அப்பாவின் பண்ணையில் இருந்த நீராவி டிராக்டரின் சுழற்சியை மண்வெட்டித் தகடுகளுக்குக் கடத்திப் பார்த்தார். மண் கிளறியது, ஆனால் பக்கவாட்டில் எல்லாம் வீசியடித்தது. தகட்டின் வடிவத்தை மாற்றி 'ட' போல ஆக்கிய பிறகுதான் மண் ஒழுங்காக விழுந்தது. 1920இல் காப்புரிமை, 1922இல் கம்பெனி. ஏறக்குறைய அதே காலத்தில் சுவிட்சர்லாந்துக்காரர் கொன்ராட் ஃபான் மையன்பர்க் வேறு வழியில் சுழல் உழவுக்கருவி ஒன்றை உருவாக்கினார். ஏர் பிறந்து ஆயிரக்கணக்கான வருடங்களாக உழவு என்றால் இழுப்பது என்றே இருந்தது. சுழற்றி உழுவது நிலைபெற்று நூறு வருடம்தான் ஆகிறது.

சின்ன டில்லரில் இன்னொரு விசித்திரம் உண்டு. அதற்குத் தனியாக ஓட்டுசக்கரம் கிடையாது; பிளேடுகளே கால்கள். மண்ணைப் பிடித்து முன்னால் நடக்கவும் அவைதான், மண்ணைத் தோண்டவும் அவைதான். அப்படியானால் எப்போது நடக்கும், எப்போது தோண்டும்? பின்னால் வால் மாதிரி மண்ணில் ஊன்றியிருக்கும் ஒரு கம்பிதான் தீர்மானிக்கிறது. கம்பியை ஆழமாக இறக்கினால் அது வண்டியைப் பிடித்து நிறுத்தும். முன்னேற முடியாத பிளேடுகள் வேறு வழியின்றிக் கீழே இறங்கும். கம்பியைத் தூக்கிவிட்டால் இயந்திரம் மண்ணின் மேல் தத்தித் தத்தி ஓடும், பிடித்திருப்பவரையும் இழுத்துக்கொண்டு. புதிதாக ஓட்டுகிறவர்கள் எல்லோரும் கைப்பிடியை முன்னால் தள்ளுகிறார்கள். கைப்பிடியைக் கீழே அழுத்தி, பின்னால் இழுத்துப் பிடிப்பதுதான் ஓட்டும் கலை. அழுத்தினால் கம்பி ஊன்றும், ஆழம் கிடைக்கும்.

மெதுவாகப் போவதில் இன்னொரு லாபமும் உண்டு, நஷ்டமும் உண்டு. பிளேடு ஒரு நிமிடத்தில் இத்தனை வெட்டு என்பது நிலையானது. நீங்கள் நடக்கும் வேகம் பாதியானால் ஒவ்வொரு கடியும் பாதி அளவாகும், மண் பொடியாகும். இரண்டாம் சால், மூன்றாம் சால் என்று ஓட்டி "மாவு மாதிரி பண்ணிட்டேன் பாருங்க" என்று காட்டுவதில் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு பெருமை. நமக்கும் கண் நிறைகிறது. ஆனால் இந்த ஊர் செம்மண்ணுக்கு மாவு ஆகாது. பெரிய மழைத்துளி ஒன்று வினாடிக்கு 9 மீட்டர் வேகத்தில் வந்து மோதுகிறது. மே மாத இடிமழையின் துளிகள் அப்படிப்பட்டவை. பொடித்த மண்ணில் அது விழுந்தால் நுண்துகள்கள் கரைந்து, கண்ணுக்குத் தெரியாத துளைகளை அடைத்து, காய்ந்ததும் மேலே அப்பளம்போல ஓர் ஏடு கட்டிக்கொள்ளும். முளைக்கீரை விதையின் பலத்துக்கு அந்த அப்பளம் ஒரு கூரை. பட்டாணி, வேர்க்கடலை அளவில் கட்டிகள் கொஞ்சம் கலந்திருப்பதே நல்ல உழவு.

இனி மண்ணுக்கு வருகிறேன். உண்மையில் கதை அங்கேதான் இருக்கிறது.

லால்பாக்கில் கெம்பேகவுடா கோபுரம் நிற்கும் பாறையில் ஏறியிருப்பீர்கள். தீபகற்ப நைஸ் என்று புவியியலாளர்கள் அழைக்கும் அந்தப் பாறைக்கு வயது சுமார் 300 கோடி ஆண்டுகள். பெங்களூரின் செம்மண் பெரும்பாலும் அந்தப் பாறை வகை மக்கியதால் வந்தது. பாறையில் இருந்த ஃபெல்ஸ்பார் கயோலினைட் என்ற களியானது, குவார்ட்ஸ் மணலாகத் தங்கியது, இரும்பு துருப்பிடித்துச் சிவப்பைத் தந்தது. கயோலினைட் ஒரு மந்தமான களி. தண்ணீர் குடித்தால் அதிகம் வீங்காது, காய்ந்தால் அதிகம் சுருங்காது.

இது நல்ல குணம் போலத் தெரியும். கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலோடு வைத்துப் பாருங்கள். கரிசலில் இருப்பது வீங்கிச் சுருங்கும் களி. கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கிறது, மழையில் மூடுகிறது. அந்த வெடிப்பும் மூடலும் வருடாவருடம் கட்டிகளை உடைத்து, மேல்மண்ணைக் கீழே தள்ளி, மண்ணைத் தாமே உழுதுவிடுகின்றன. அதில் ஒரு வருடம் நீங்கள் செய்த தவறை அடுத்த கோடை கொஞ்சமாவது திருத்தும். செம்மண்ணுக்கு அந்த வசதி இல்லை. அழுத்திவிட்டால் அழுந்தியபடியே கிடக்கும்.

ஈரத்தில் என்ன நடந்தது? களியின் துகள்கள் சீட்டுக்கட்டு போலத் தட்டையானவை. நடுவில் நீர்ப்படலம் அதிகமாக இருந்தால் சீட்டுகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும். 'ட'வின் கிடைப்பகுதி அடிமண்ணைச் சீவிக்கொண்டு போகும்போது, கொத்தனார் கரண்டியால் சிமெண்டைப் பூசி மெழுகுவதுபோல, அந்தத் தளத்தில் உள்ள துளைகளை எல்லாம் மெழுகி அடைத்துவிடுகிறது. எல்லாச் சாலிலும் ஒரே ஆழம், ஒரே மெழுகு. அதுவே உழவுத் தட்டு. என் முள்ளங்கி முட்டி வளைந்தது அதில்தான். மேலே எறியப்பட்ட ஈரக் கட்டிகள் காயும்போது, எஞ்சிய நீரின் பரப்பு இழுவிசை துகள்களை நெருக்கி இறுக்குகிறது. சூளையில்லாமல் செங்கல்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இதே காரியம் நெல்வயலில் குற்றமல்ல, தேவை. தண்ணீர் கட்டி, சேற்றுழவு அடித்து, துளைகளை அடைத்து, அடியில் நீர் இறங்காத தட்டு ஒன்றை வேண்டுமென்றே உண்டாக்குகிறோம். பவர் டில்லர் நம்மிடம் வந்தது அந்தச் சேற்றிலிருந்துதான். போருக்குப் பிந்தைய ஜப்பானின் சின்னச் சின்ன நெல்வயல்களில் பரவிய இயந்திரம் அது. அதை இந்தியாவில் செய்யத் தொடங்கியவர்களில் முக்கியமான நிறுவனம் ஒன்று பெங்களூரிலேயே இருக்கிறது. வி.எஸ்.டி. டில்லர்ஸ். வி.எஸ். திருவேங்கடசாமி முதலியார் தொடங்கிய குழுமம், ஜப்பானின் மிட்சுபிஷியுடன் கைகோத்து 1967இல் தொடங்கிய கம்பெனி. பெயரில் உள்ள மூன்றெழுத்தும் அவருடையவை. கேரள அரசின் காம்கோ 1973இல், இன்னொரு ஜப்பானிய நிறுவனமான குபோட்டாவின் தொழில்நுட்பத்தோடு வந்தது. வி.எஸ்.டி.யின் முகவரி மகாதேவபுரா, ஒயிட்ஃபீல்டு சாலை. இன்று அந்தச் சாலையில் மாலை ஆறு மணிக்கு நகராமல் நிற்கும் மென்பொருள்காரர்களில் எத்தனை பேருக்கு, தங்கள் ஊரில் நெல்வயலை உழுத இயந்திரத்தின் பிறப்பிடம் பக்கத்துச் சுவருக்கு அப்பால் என்று தெரியும்?

நெல்வயலின் 13 குதிரைத்திறன் டீசல் டில்லர் வேறு, என் மனைக்கு வந்த பெட்ரோல் குட்டி வேறு. ஆனால் குணம் பரம்பரையாக வருகிறது. மண்ணின் அமைப்பைக் குலைப்பதில் கைதேர்ந்த ஒரு குடும்பம் அது. வயலில் அந்தத் திறமை வேண்டும். தோட்டத்தில் அதற்கு ஒரு கடிவாளம் வேண்டும். அந்தக் கடிவாளத்தின் பெயர்தான் பதம்.

பாகுக்குப் பதம் உண்டு, சோற்றுக்குப் பதம் உண்டு, மண்ணுக்கும் உண்டு. காற்றின் ஈரத்தைக்கூட ஈரப்பதம் என்கிறோம். இங்கே கன்னடக்காரர்கள் அதையே 'ஹத' என்கிறார்கள். பால் 'ஹாலு'வாகவும் பூ 'ஹூ'வாகவும் ஆன அதே வழியில் பகரம் ஹகரமாயிற்று. மண் 'ஹத'த்துக்கு வந்துவிட்டதா என்று ராகி விதைக்கிறவர்கள் கேட்பதைக் கேட்டிருக்கிறேன். தமிழ் வேர் கொண்ட திகளர் சமூகத்தார் இந்த நகரத்தின் காய்கறி, பூந்தோட்டங்களைத் தலைமுறைகளாகப் பார்த்துக்கொண்டவர்கள். கரக உற்சவம் அவர்களுடையது. இன்று கண்டீரவா மைதானம் இருக்கும் இடத்தில் இருந்த சம்பங்கி ஏரியைச் சுற்றி அவர்கள் தோட்டங்கள் இருந்தன. பதம் பார்க்க அவர்களுக்குக் கருவி எதுவும் தேவைப்பட்டிருக்காது, உள்ளங்கை போதும்.

உள்ளங்கைக்கு அறிவியல் பெயர் கொடுத்தவர் ஆல்பர்ட் அட்டர்பெர்க், ஸ்வீடன் நாட்டு வேளாண் வேதியியலாளர். மண் எந்த அளவு ஈரத்தில் பொலபொலப்பை விட்டுக் களிமாவாகிறது, எந்த அளவில் கூழாகிறது என்ற எல்லைகளை 1911இல் வகுத்தார். மண்ணைத் திரியாக உருட்டிப் பார்ப்பதே அவர் சோதனை. பின்னாளில் பொறியாளர்கள் திரியின் கனத்தை 3 மில்லிமீட்டர் என்று நிர்ணயித்தார்கள்: அந்தக் கனத்தில் திரி விரிசல் விட்டு உடைந்தால், அதுவே களிமாவு நிலையின் கீழ் எல்லை. விவசாயத்துக்காகப் பிறந்த இந்தச் சோதனையை இன்று அதிகம் செய்பவர்கள் கட்டிடம் கட்டுமுன் மண் பரிசோதிக்கும் ஆய்வுக்கூடத்தினர்தான்.

உழவுக்கு ஏற்ற ஈரம் அந்த எல்லைக்குச் சற்றுக் கீழே. நான் இப்போது செய்வது இது. மேல்மண்ணை விட்டு, நான்கு அங்குலம் தோண்டி ஒரு பிடி எடுக்கிறேன். மேலே காய்ந்து அடியில் சொதசொதவென்று இருப்பதுதான் ஏமாற்றும் நிலை. அந்தப் பிடியை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே உருட்டுகிறேன். ஷூ லேஸ் மாதிரி நீண்டால் டில்லர் வரக்கூடாது. பென்சில் கனத்திலேயே துண்டு துண்டாக உடைந்தால் வரலாம். உருட்டவே முடியாமல் தூளாகக் கொட்டினால் நாள் தவறிவிட்டது. கொஞ்சம் தண்ணீர் பாய்ச்சி மறுபடி காத்திருக்க வேண்டும். செம்மண் காய்ந்தால் இறுகும் சாதி. அப்போது பிளேடு இறங்காமல் குதிக்கும், கல்லில் பட்டால் இயந்திரம் முன்னால் பாயும். நல்ல மழைக்குப் பிறகு இந்த மண் ஒன்றிரண்டு நாளில் பதத்துக்கு வந்துவிடுகிறது. மாலூர்க்காரர் செருப்புக் காலால் ஒரு மிதியில் சொன்னதும் அதே இரண்டு நாள்தான்.

உழுது காயப்போடுவதைப் பற்றித் திருக்குறளின் உழவு அதிகாரம் ஒன்று சொல்கிறது: ஒரு பலம் புழுதி கால் பலமாகும்வரை காயவிட்டால் பிடி எருகூட வேண்டியதில்லை என்று. தராசில் வைத்தால் இது நடக்காது. முழுக்க நனைந்த மண்கூடக் காய்ந்தால் எடையில் கால் பங்கு குறையும், அவ்வளவே. முக்கால் பங்கு குறைய மண்ணில் அவ்வளவு தண்ணீர் இருக்க இடமில்லை. ஆனால் எருவைப் பற்றிய பாதியை அலட்சியம் செய்ய முடியாது. கிழக்கு ஆப்பிரிக்காவில் வேலை பார்த்த எச்.எஃப். பர்ச் என்ற மண்ணியலாளர் 1950களில் கவனித்தது: நன்றாகக் காய்ந்த மண்ணில் முதல் மழை விழுந்ததும் நுண்ணுயிர்கள் வெறிகொண்டு வேலை செய்கின்றன, கரிவளி பொங்குகிறது, மக்கில் பூட்டியிருந்த நைட்ரஜன் பயிருக்கு எட்டும் வடிவில் விடுபடுகிறது. பர்ச் விளைவு என்றே அதற்குப் பெயர். காயவைத்த புழுதி எருவின் வேலையைச் சிறிது செய்யும் என்பது மெய்தான். ஆனால் அது புதிதாக வந்த சொத்து அல்ல, சேமிப்பிலிருந்து எடுத்த பணம். ஒவ்வொரு உழவும் மக்கைக் கிளறி, காற்றைக் காட்டி, நுண்ணுயிர்களுக்குப் பந்தி வைக்கிறது. டில்லரால் அந்தப் பந்தியை நினைத்தபோதெல்லாம் வைக்க முடியும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஓட்டி, தொழு உரம் எதுவும் போடாதவர்களின் மண் இரண்டே வருடத்தில் வெளுத்துப்போவதை எங்கள் தெருவிலேயே பார்க்கிறேன்.

களைக்காக ஓட்டுகிறவர்களுக்குக் கோரையைப் பற்றி ஒரு வார்த்தை. நலங்குமாவில் மணக்கும் அதே கோரைக்கிழங்குதான். மண்ணுக்குள் அது சங்கிலியாகக் கோத்து வளரும். சங்கிலி முழுசாக இருக்கும்வரை நுனிக்கிழங்கு மற்றவற்றை முளைக்கவிடாமல் அடக்கி வைத்திருக்கிறது. பிளேடு சங்கிலியைத் துண்டித்ததும் ஒவ்வொரு கிழங்கும் சுதந்திரம் பெற்றுத் தனித்தனியே முளைக்கிறது. அருகம்புல்லும் அப்படியே; கணு இருக்கும் ஒவ்வொரு துண்டும் ஒரு செடி. ஒரு சால் ஓட்டினால் களை போகிறது, மூன்று வாரத்தில் இரட்டிப்பாகிறது. பிளேடால் கோரை சாகாது. சாகடிப்பது வெயில். மார்ச், ஏப்ரலில் உழுது, கிழங்கு மேலே வந்து வதங்கும்படி விட்டால் பலன் உண்டு. மழை நாளில் ஓட்டுவது கோரைக்கு நாற்று நடுவதற்குச் சமம்.

சில விதைகளுக்கு வெளிச்சமே அலாரம். கிளறும்போது கண்ணிமைக்கும் நேரம் படும் ஒளிகூட அவற்றை எழுப்பிவிடும். ஜெர்மனியில் ஹார்ட்மன், நெட்சடால் என்ற இருவர் 1990இல் இரவில் உழுது பார்த்து, களை வெகுவாகக் குறைந்ததாக எழுதினார்கள். பிறர் செய்தபோது சில இடங்களில் பலித்தது, சில இடங்களில் பலிக்கவில்லை. நான் முயலவில்லை. இரவு பத்து மணிக்குச் சர்ஜாபுராவில் டில்லரை முடுக்கினால் களைக்கு முன் அக்கம்பக்கத்தார் எழுந்துவிடுவார்கள்.

இவ்வளவும் சொன்னதால் டில்லரே வேண்டாம் என்று நினைக்க வேண்டாம். வருடக்கணக்கில் மிதிபட்டுக் கிடந்த மனையை முதல் முறை திறப்பதற்கும், மக்கிய எருவை நான்கு அங்குலத்தில் சீராகக் கலப்பதற்கும் அதைப்போல ஒன்று கிடையாது. வேட்டி, லுங்கி கட்டிக்கொண்டு மட்டும் பக்கத்தில் போகாதீர்கள். பின்னோக்கி இழுக்கும்போது முதுகுக்குப் பின்னால் சுவர் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

என் மனையின் தட்டை உடைக்க ஒரு பருவம் பிடித்தது. கடப்பாரையை ஓர் அடிக்கு ஒன்றாகக் குத்தி, லேசாக ஆட்டிவிட்டு, துவரையும் சணப்பும் விதைத்தேன். தட்டு இருக்கிறதா என்று பார்க்க ஒரு எளிய வழி உண்டு: கட்டிட வேலையில் மிஞ்சிய 6 மில்லிமீட்டர் கம்பி ஒன்று. ஈர மண்ணில் கட்டை விரலால் அழுத்தினால் உள்ளே போகும். தட்டு வந்த இடத்தில் நிற்கும். முதல் வருடம் குத்திய இடமெல்லாம் ஐந்தாவது அங்குலத்தில் நின்றது.

போன மாதம் மாலூர்க்காரரிடம் தொலைபேசியில் "திரி உடையுதுண்ணா, வாங்க" என்றேன். அவருக்குத் திரி புரியவில்லை. உடைகிறது என்பது புரிந்தது. வந்தார், மிதித்துப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் கயிற்றை இழுத்தார். ஒரே சால், மூன்று அங்குலம், எரு கலக்கும் அளவுக்கு மட்டும். அவர் கிளம்பிய பிறகு கம்பியை எடுத்து நடு மனையில் குத்தினேன். ஐந்து அங்குலம் தாண்டியது, ஏழு, எட்டு. ஒன்பதில் டக்கென்று நின்றது. தோண்டிப் பார்த்தேன். வீடு கட்டியவர்கள் புதைத்துவிட்டுப் போன அரைச் செங்கல்.